திருவருகைக் காலத்தில் நடக்கத் தொடங்குவது எப்படி: சேலத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கும் நடைப்பயிற்சியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முந்தின ராத்திரி வாட்ச் நைட் ஆராதனை முடிந்து, எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, கேக் வாங்கிச் சாப்பிட்டு, வீடு வந்து படுக்க மணி ரெண்டு ஆகிவிடும். விடிந்தால் விருந்தாளிகள், மதியம் பிரியாணி. அன்றைக்கு யார் ஷூ மாட்டுவார்கள்? "சரி, பொங்கல் முடியட்டும்" என்று தள்ளிப் போடுவோம். பொங்கல் முடிந்தால் வேறொன்று வரும்.

தொடங்க ஏற்ற நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அதிலிருந்து கிறிஸ்துமஸுக்குள் நான்கு ஞாயிறுகள். இதுவரை நடக்காத உடம்பு நடைக்குப் பழகவும் ஏறக்குறைய அவ்வளவு வாரம் பிடிக்கும். இதைப் படிக்கும்போது இரண்டு ஞாயிறு கடந்துவிட்டதென்றால் பரவாயில்லை, இன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் விருந்தை அதன் இடத்தில் வையுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் ஒரு காலத்தில் நோன்புக் காலமாக இருந்தன. 5-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருக்கச் சொன்னார். பக்கத்திலே கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் பலர் இன்றைக்கும் டிசம்பர் 1 முதல் 25 வரை கறி மீன் தொடுவதில்லை.

நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆபீஸில் கேக் வெட்டியாகிவிடும். அப்புறம் பள்ளிக்கூட விழா, அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது), வாலிபர் ஐக்கியக் கூடுகை, கேரல் ரவுண்ட்ஸ். 25-ஆம் தேதி வரும்போது இனிப்பைப் பார்த்தாலே திகட்டுகிறது. 26-ஆம் தேதி ஸ்டார் மட்டும் எரிந்துகொண்டிருக்க, பண்டிகை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். திருச்சபை நாள்காட்டிப்படி பண்டிகை 25-இல்தான் தொடங்குகிறது. ஜனவரி 6-ஐ ஒட்டி வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை கொண்டாட இடம் இருக்கிறது.

அதனால் முதல் வேலை இதுதான்: டிசம்பர் 24 சாயங்காலம் வரை வார நாட்களில் வீட்டில் எளிய சாப்பாடு. இனிப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். கச்சாயமும் முறுக்கும் முன்கூட்டியே சுட்டு வைப்பீர்கள், வைக்கலாம், டின் மட்டும் மூடியே இருக்கட்டும். 25 வந்ததும் திறந்து, மனசாட்சி உறுத்தாமல் சாப்பிடுங்கள். டிசம்பர் முழுக்கக் கண்டதைத் தின்றுவிட்டுக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

கலோரி கணக்கு போட்டு நடப்பதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமாராக 50 கலோரி செலவாகும். நல்ல கனத்தில் வெட்டிய பிளம் கேக் ஒரு துண்டு அதைப்போல ஆறேழு மடங்கு இருக்கும். கேக்குக்குத் தண்டனையாக நடந்தால் நாலாம் நாளே வெறுத்துவிடும்.

உடம்பைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது

"ஜெபிக்கிற நேரத்தில் நடையா?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்கள் எடுத்துக் காட்டுவது தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், நாலாம் அதிகாரம்: சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது. உண்மைதான், ஆனால் அற்பம் என்றாலும் பிரயோஜனம் என்றுதான் எழுதியிருக்கிறார். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அவரே.

எனக்கு அதைவிடப் பிடித்தது எலியாவின் கதை. 1 இராஜாக்கள் 19. பயந்து ஓடி, சூரைச் செடிக்குக் கீழே படுத்து, போதும் ஆண்டவரே என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டு மறுபடி படுத்துத் தூங்குகிறார். திரும்பவும் எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி இன்னொரு முறை சாப்பிட வைக்கிறான். அதற்கப்புறம்தான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை. சாப்பாடு, தூக்கம், நடை: புதிதாகத் தொடங்குபவர் கவனிக்க வேண்டிய மூன்றும் அங்கேயே வரிசையாக இருக்கின்றன. டிசம்பரில் முதலில் கெடுவது தூக்கம். ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்.

விசுவாசமும் விளையாட்டும் சேர்ந்தது புதிதும் கிடையாது. கூடைப்பந்து பிறந்தது ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில். இறையியல் படித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் அதை உருவாக்கியது 1891 டிசம்பரில், வெளியே குளிர் அதிகமாகி மாணவர்கள் உள்ளே அடைந்து கிடந்த நாட்களில். சென்னை ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கினார். நமக்கு விசில் ஊதிப் பாடம் எடுத்த பி.இ.டி. சார்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள்.

ஜெபத்தால் அளந்து நடங்கள்

போனில் காலடி எண்ணும் ஆப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் நான்கு வாரத்துக்கு ஜெபமே அளவாக இருக்கட்டும்.

கத்தோலிக்கர் என்றால் ஐம்பத்து மூன்று மணிச் செபம், அதாவது ஜெபமாலை, கைவசம் இருக்கிறது. நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம் ஆகும். முதல் வாரம் மூன்று பத்து மணி வரை நடங்கள், மீதியை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொல்லி முடிக்கலாம். இரண்டாம் வாரம் முழு ஜெபமாலையும் நடையிலேயே. மூன்றாம் வாரம் ஜெபமாலை முடிந்து இன்னும் பத்து நிமிடம், பேச்சில்லாமல். நீள ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தால் சிக்கும். விரலில் மாட்டும் பத்து மணி மோதிரம் சௌகரியம், அதுவும் இல்லையென்றால் விரல் மடக்கி எண்ணினால் போதும். திங்கள், சனிக்கிழமைகளில் மகிழ்ச்சி மறையுண்மைகள், அதாவது ஜெபமாலையில் தியானிக்கும் ஐந்து நிகழ்வுகள், வரும். அதில் இரண்டாவதே ஒரு நடைதான்: மரியாள் மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போனதாக லூக்கா எழுதுகிறார்.

சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைக்காரர்களுக்குச் சங்கீதங்கள். 120 முதல் 134 வரை உள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள், எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் பாடியவை என்று சொல்லப்படுகிறது. நாளுக்கு ஒன்று மனப்பாடம் செய்யலாம், 132-ஐத் தவிர எல்லாம் சின்னவை. பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிறேன் என்று தொடங்கும் 121-ஐச் சேலத்தில் சொல்வது தனி சுகம். வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. எந்தப் பக்கம் கண்ணை ஏறெடுத்தாலும் பர்வதம்தான்.

வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். மருத்துவர்கள் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு கேரல் பாட்டைப் பாடிப் பாருங்கள். இரண்டு வரி மூச்சு விடாமல் வந்தால் வேகம் பத்தாது. அருள்நிறைந்த மரியேயை ஒரே மூச்சில் பாதிகூடச் சொல்ல முடியவில்லையென்றால் வேகம் அதிகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம் இந்த மிதமான வேகத்தில். கிறிஸ்துமஸுக்குள் அதை எட்டியே ஆக வேண்டும் என்று இல்லை.

எங்கே, எப்போது

மார்கழி இதற்கு ஒரு வசதி. டிசம்பர் பாதியிலிருந்து நம் தெருக்களில் விடியுமுன்னே ஆள் நடமாட்டம் இருக்கும். கோயில் மைக்கில் பாட்டு, வாசலில் கோலம் போடும் அக்காக்கள், பால்காரர். தனியாக நடக்கிறோம் என்ற பயம் குறையும். கோலத்தை மிதிக்காமல் நடுத்தெருவில் நடங்கள், ஆனால் பனிமூட்டம் இருந்தால் வெளிர் நிறச் சட்டை போட்டு, வண்டி எதிரே வரும் பக்கமாக ஓரத்தில் நடங்கள். நாய்த் தொல்லை உள்ள தெருவென்றால் ஆறு மணிக்கு மேல் கிளம்புவதே நல்லது. ஒரு காதிலாவது இயர்போன் வேண்டாம்.

நாலு ரோடு பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணா பூங்கா இருக்கிறது, குழந்தை இயேசு பேராலயத்தில் பூசை பார்த்துவிட்டு அப்படியே போகலாம். அஸ்தம்பட்டிப் பக்கம் காந்தி மைதானம். கன்னங்குறிச்சிக்காரர்களுக்கு மூக்கனேரி. 2010-இல் ஊர் மக்கள் கூடித் தூர்வாரி, ஏரிக்குள் மண்திட்டுகள் போட்டு மரம் வைத்து மீட்ட ஏரி அது. டிசம்பரில் அந்தத் திட்டுகளில் பறவைகள் நிறைந்திருக்கும். என்னைக் கேட்டால் சேலத்தில் சங்கீதம் சொல்லி நடக்க அதைவிட நல்ல இடம் இல்லை. எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் வீட்டிலிருந்து கோயிலுக்கு வண்டியை எடுக்காமல் நடப்பதே போதும்.

சேலைக்கு ஷூ போடக் கூச்சப்படும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஹவாய் செருப்பில் அரை மணி நேரம் நடந்தால் குதிகால் வலிக்கும், அந்த வலியோடு நடை நின்றுவிடும். பருத்திச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி ஷூ போட்டு நடங்கள். இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் "ஷூ எங்க வாங்குனீங்க?" என்று கேட்பார்கள்.

முழங்காலுக்கு வேலை

நடை மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும். ஜிம்முக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். கோயிலில் முழந்தாள்படியிட்டு எழுகிறோமே, அதையே கையை ஊன்றாமல் செய்து பாருங்கள். முன் பெஞ்சைப் பிடிக்காமல் எழ முடிகிறதா? நாற்பதைத் தாண்டினால் பலருக்குச் சிரமம்தான்.

வீட்டில் பாயைப் போட்டு ஒரு காலை முன்னே வைத்து, மறு முழங்காலை மெதுவாகத் தரையில் பதித்து, முன்காலின் குதிகாலில் பாரம் கொடுத்து எழுங்கள். பக்கத்துக்கு ஐந்து. சுவர் பக்கத்தில் இருக்கட்டும், தடுமாறினால் பிடிக்க. இரண்டு நாள் தொடை வலிக்கும், அது போய்விடும். முட்டி தேய்மானம் உள்ளவர்கள் இதைச் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து கைகட்டி எழுந்தால் போதும், எட்டுப் பத்துத் தடவை.

பலகாரம் சுடும் நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிசம்பரில் இடுப்பு பிடித்துக்கொள்வது அன்றைக்குத்தான். கல்கல் செய்வதை நினைத்துப் பாருங்கள். பிசைந்த மாவைக் கோலிக்குண்டு அளவு கிள்ளி, புதுச் சீப்பின் பின்புறத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், வரிவரியாகச் சுருண்டு விழும். ஒன்று செய்ய மூன்று விநாடி. ஒரு கிலோ மாவுக்கு? தரையில் சம்மணம் போட்டு, கழுத்தைக் குனிந்து, எழுந்திருக்காமல் பாதி நாள். ஒவ்வொரு ஈடும் எண்ணெயில் இருந்து எடுக்கும்போது எழுந்து வாசல் வரை போய் வாருங்கள். உருட்டுகிறவர்களும் அடுப்படியில் நிற்கிறவர்களும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு ஆண்களையும் சீப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள், அவர்கள் கல்கல் கோணலாக இருந்தாலும் வேகும்.

கேரல் ரவுண்ட்ஸ் வாரம்

நான்காவது வாரம் ராத்திரி ராத்திரியாகக் கேரல். காலையில் எழ முடியாது. எழவும் வேண்டாம், அந்த வாரம் காலை நடையை விட்டுவிட்டு கேரலையே நடையாக்குங்கள். வேனில் ஏறாமல் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் டிரம்காரரோடும் தெருத்தெருவாக நடந்தால் அதுவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

சிக்கல் வீட்டுக்கு வீடு வரும் தட்டுதான். பத்து வீட்டில் பத்து துண்டு கேக், பத்து டம்ளர் சர்க்கரைத் தண்ணி மாதிரி டீ. வேண்டாம் என்றால் மனம் நோகும். "இன்னொரு பீஸ் எடுத்துக்க கண்ணு" என்று அத்தை தட்டை நீட்டும்போது, "வயிறு ரொம்பிப் போச்சுங்க அத்தை, பொட்டலம் கட்டிக் குடுங்க, நாளைக்குச் சாப்பிடறேன்" என்று கேட்டுவிடுங்கள். வாங்கிக்கொண்டால் அவர்களுக்குத் திருப்தி. குழுவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் மட்டும் சாப்பிடுவது என்று கிளம்பும்போதே எல்லாரும் பேசி வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம். தண்ணீர் பாட்டிலைக் கூடவே வைத்திருங்கள், பாடிப் பாடித் தொண்டை காய்வதைப் பசி என்று நினைத்துக்கொள்வோம்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள்

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நடைக்கும் நோன்புக்கும் முன்னால் உங்கள் டாக்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். உபவாச ஜெப நாளில் நீண்ட நடை வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வேர்வை, கண் மங்கல் வந்தால் உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள்.

24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்கு வெறும் வயிற்றோடு காத்திருந்து, ஒன்றரை மணிக்கு வீடு வந்து கேக்கும் கறியுமாக உள்ளே தள்ளுவது ரொம்பப் பேர் செய்வது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உணவு தவிர்த்தால் போதும் என்பதே சபை ஒழுங்கு. எட்டு மணிக்கே வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. 25 மதியம் பிரியாணி சாப்பிட்டதும் கட்டிலில் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சாப்பிட்ட பின் நடக்கும் இந்தச் சின்ன நடை ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதைக் குறைக்கும். குடும்பமாகப் போய்த் தெருவில் உள்ள குடில்களைப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் அது பயிற்சி என்றே தெரியாது.

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால் ஜெபமாலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108.

ஏற்காட்டுக்கு ஒரு நாள்

நான்கு வாரம் நடந்தவர்களுக்கு 26-க்குப் பிறகு ஒரு மலை நாள். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலைப்பாதையை அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறலாம் என்று இளைஞர்கள் கிளம்புவார்கள். வேண்டாம். விடுமுறை வாரத்தில் வளைவுக்கு வளைவு சுற்றுலா வண்டிகள், நடப்பவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. பஸ்ஸில் ஏறிப் போங்கள். ஏறும்போது ஆரோகண சங்கீதம் பதினைந்தையும் சொன்னால் இன்னும் ஐந்து வளைவு மிச்சம் இருக்கும், அதற்குப் பாட்டு. தலை சுற்றும் என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டு, முன் சீட்டில் உட்காருங்கள். வெறும் வயிறு இன்னும் மோசம்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மலை நோய் வரும் உயரம் கிடையாது, ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும். முதலில் ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் ஒரு நடை. உடம்பு ஒத்துழைத்தால் நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பகோடா பாயின்ட் வரை. மேட்டில் அடியைச் சின்னதாக வையுங்கள், முன்னால் சொன்ன பேச்சுச் சோதனை இங்கேயும் பொருந்தும். முட்டிக்கு வேலை இறக்கத்தில்தான் அதிகம். முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகாலை அடித்து வைக்காமல் இறங்குங்கள்.

வேர்த்த சட்டையோடு பனிக்காற்றில் நின்றால் உடம்பு நடுங்கும், பையில் மாற்றுச் சட்டை ஒன்று. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் எஸ்டேட் பாதைகளில் தனியாகப் போகாதீர்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு. தூரத்தில் கண்டால் போன் எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். டிசம்பரில் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். சரிவில் கூடை கட்டிக்கொண்டு நாள் பூராவும் ஏறி இறங்கும் அந்தப் பெண்களுக்கு இந்த மாதிரிக் கட்டுரை எழுதும் தைரியம் எனக்கு இல்லை.

1917-இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியும், பழைய கான்வென்ட்டும், ஆலயங்களும் இருக்கும் ஊர் இது. வழியில் திறந்திருக்கும் ஆலயம் ஒன்றில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், காலுக்கும் ஓய்வு. சாயங்காலம் நாலு மணிக்குள் பஸ் ஏறிவிட்டால் நெரிசலில் மாட்ட மாட்டீர்கள்.

குடிலைப் பிரித்த பிறகு

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பின் ஜெபமாலையோ சங்கீதமோ அப்படியே தொடரட்டும், வாரம் ஐந்து நாள் அரை மணி என்பதே இலக்கு. அன்பியத்திலோ பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ இரண்டு மூன்று பேர் ஒரே தெருவில் இருந்தால் சேர்ந்து நடங்கள். மழை நாளில் கோயில் வராந்தாவே போதும். எடை மெஷினில் தினமும் ஏற வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு எச்பிஏ1சி பரிசோதனை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்ததை மார்ச் முதல் வாரத்தில் எடுங்கள். அது முந்தைய இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை என்பதால் ஜனவரியிலேயே எடுத்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது. இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், மாத்திரை அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அவர் சொல்லட்டும்.